கண்ணாடி உடைந்த ஐபேடை வீட்டிலேயே கழற்றலாமா?

பிறையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "அண்ணா, எஸ்பிஎம் தேர்வு எழுதப்போகும் என் மகனிடம் 2021இல் வந்த ஒன்பதாம் தலைமுறை ஐபேட் இருக்கிறது. போன மாதம் கீழே விழுந்து, மூலையிலிருந்து கண்ணாடி விரிசல் விட்டுவிட்டது. டச் வேலை செய்கிறது, படமும் தெளிவாகத்தான் தெரிகிறது, ஆனால் பேட்டரி மதியத்துக்குள் இறங்கிவிடுகிறது. கொம்தாரில் ஒரு கடையில் கண்ணாடியை மட்டும் மாற்றலாம் என்றார்கள். பக்கத்துக் கடையில் முழு ஸ்கிரீனையும் மாற்ற வேண்டும் என்று இரண்டு மடங்கு கேட்டார்கள். ஷாப்பியில் கண்ணாடியும் பேட்டரியும் வாங்கி, வீடியோ பார்த்து நானே மாற்றிவிடுகிறேன் என்கிறார் வீட்டுக்காரர். செய்யலாமா? புதிதாகவே வாங்கிவிடலாமா? வாங்கினால் எளிதாகப் பழுது பார்க்கக்கூடியது எது?"

முதல் கடை சொன்னதுதான் சரி, சகோதரி. இந்த மாடலில் விரலால் தொடும் கண்ணாடி தனி, அதற்குக் கீழே படம் காட்டும் எல்சிடி தனி. இரண்டுக்கும் நடுவே மெல்லிய இடைவெளி உண்டு, கண்ணாடியின் ஓரத்தைச் சுற்றி மட்டும்தான் பசை. படத்தில் கோடோ கறுப்புத் திட்டோ இல்லையென்றால் எல்சிடிக்கு ஒன்றும் ஆகவில்லை, அதற்கு நீங்கள் காசு கொடுக்க வேண்டியதில்லை. 2014இல் வந்த ஏர் 2 தொடங்கி ஏர் வகைகளிலும், புரோ வகைகளிலும் கண்ணாடியும் திரையும் ஒன்றோடொன்று ஒட்டியே வருகின்றன, அங்கே ஒரு விரிசல் விழுந்தால் பொதுவாக முழு ஸ்கிரீனையும் மாற்ற வேண்டும். இரண்டாவது கடைக்காரர் அந்தக் கணக்கில் சொல்லியிருக்கலாம், ஆனால் அது உங்கள் ஐபேடுக்குப் பொருந்தாது. புதிது வாங்குவதையும் இப்போதைக்குத் தள்ளி வையுங்கள், 2025இல் வந்த ஐபேட்ஓஎஸ் 26 மென்பொருள் வரைக்கும் இது ஏற்றுக்கொள்கிறது, தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைக்கு இது தாராளமாகப் போதும்.

அப்புறம் வீட்டுக்காரர் விஷயம். இந்த ஐபேடை, இந்த நிலைமையில், முதல் முறையாகத் திறக்கும் ஒருவர் வீட்டில் திறக்க வேண்டாம் என்பது என் கருத்து. அவருடைய கைத்திறமையைச் சந்தேகித்துச் சொல்லவில்லை. பினாங்கில் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் சர்க்யூட் போர்டோடு பழகிய ஆட்கள் நம் குடும்பங்களில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கு இந்தச் சின்னச் சின்ன ஸ்குரூவும் கனெக்டரும் ஒரு பொருட்டே இல்லை. டேப்லெட்டில் சிரமம் கொடுப்பது எலெக்ட்ரானிக்ஸ் இல்லை, பசை. 2010இல் வந்த முதல் ஐபேடில் திரை கிளிப்பில் மாட்டியிருந்தது, பக்குவமாக நெம்பினால் கழன்றுவிடும். அடுத்த ஆண்டு ஐபேட் 2இல் அந்த இடத்துக்குப் பசை வந்தது, அன்றிலிருந்து இன்றுவரை ஐபேடைத் திறப்பது என்றாலே சூடு காட்டி, பசையை இளக்கி, மெல்லிய பிளாஸ்டிக்கை விளிம்பில் நுழைத்து, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துவதுதான்.

முழுக் கண்ணாடி என்றால் சக்‌ஷன் கப் வைத்துத் தூக்கலாம். உடைந்த கண்ணாடியில் அது பிடிக்காது, மேலே முழுக்க டேப் ஒட்டித்தான் எடுக்க வேண்டும், அப்படியும் தூள் தூளாக வரும், அந்தத் தூளில் ஒன்று எல்சிடி மேல் உரசினால் போதும், நன்றாக இருந்த திரையும் போய்விடும். எடுத்த எடுப்பில் கண்ணாடியைத் தூக்கிவிடவும் முடியாது, கீழே கேபிள்கள் இருக்கின்றன, புத்தகத்தைப் பிரிப்பதுபோல ஒரு பக்கமாகத்தான் திறக்க வேண்டும். ஹோம் பட்டன் பக்கத்து விளிம்பில் ஆண்டெனா இருக்கிறது, அங்கே பிளாஸ்டிக்கை ஆழமாக விட்டால் வைஃபை பலவீனமாகிவிடும். எல்சிடியை நான்கு ஸ்குரூ பிடித்திருக்கும், அதுவரை சுலபம்தான். அதன் கேபிளைக் கழற்றுவதற்கு முன்னால் பேட்டரியைத் துண்டிக்க வேண்டும், இல்லாவிட்டால் திரைக்கு வெளிச்சம் கொடுக்கும் சர்க்யூட் எரிந்துபோகும் ஆபத்து இருக்கிறது. இந்த மாடலிலோ பேட்டரிக்கு இழுத்தால் வரும் பிளக் கிடையாது, அதன் தொடர்பு மதர்போர்டுக்கு அடியில் இருக்கிறது, மெல்லிய பிளாஸ்டிக்கை இடையில் செருகித்தான் துண்டிப்பார்கள். கொஞ்சம் தவறினால் அந்தத் தொடர்பு வளைந்துவிடும், ஐபேட் அப்புறம் ஆன் ஆகாது. பல வீடியோக்களில் இந்த இடத்தை இரண்டு விநாடியில் ஓட்டிவிடுகிறார்கள்.

நான் உண்மையிலேயே பயப்படுவது பேட்டரிக்குத்தான். அது பின்பக்க அலுமினியத்தோடு பசையால் ஒட்டியிருக்கிறது, இழுத்து உரிக்கும் பட்டையும் இல்லை. மென்மையான உறைக்குள் இருக்கும் லித்தியம் பேட்டரி அது. ஸ்குரூ டிரைவரால் நெம்பி ஓட்டை விழுந்தாலும், அதிகமாக மடங்கினாலும், உள்ளே ஷார்ட் ஆகிப் புகையும் நெருப்பும் வரும், அந்தப் புகை நச்சு. தெரிந்தவர்கள் இதைச் செய்யும்போது சார்ஜை 25 விழுக்காட்டுக்குக் கீழே இறக்கிவிட்டு, பசைமேல் ஐசோபுரோபைல் ஆல்கஹால் விட்டு இளக்கி, பழைய பிளாஸ்டிக் அட்டையால் பொறுமையாகத் தள்ளுவார்கள், பக்கத்தில் ஒரு வாளி மணலும் இருக்கும். பிள்ளைகள் நடமாடும் அடுக்குமாடி வீட்டில் சாப்பாட்டு மேசைமேல் செய்யும் வேலை இல்லை இது. கண்ணாடி விளிம்பு எங்காவது தூக்கிக்கொண்டிருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். தூக்கியிருந்தால் பேட்டரி உப்பியிருக்கலாம், உடனே சார்ஜ் போடுவதை நிறுத்திவிட்டு, கடைக்குக் கொண்டுபோங்கள்.

ஆனால் பேட்டரி உண்மையிலேயே தேய்ந்துவிட்டதா என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். செட்டிங்ஸில் பேட்டரி பக்கத்தைத் திறந்தால் எந்த ஆப் எவ்வளவு சாப்பிடுகிறது என்று தெரியும், வெளிச்சத்தை முழுக்க வைத்து நாள் முழுவதும் வீடியோ ஓடினால் புதிய பேட்டரியும் மதியத்துக்குள் இறங்கத்தான் செய்யும். சார்ஜ் சரியாக ஏறவில்லை என்றால் ஐபேடை அணைத்துவிட்டு, லைட்னிங் துளையில் சேர்ந்த பஞ்சை மரப் பல்குச்சியால் மெதுவாக எடுங்கள், இதை மட்டும் வீட்டுக்காரர் தாராளமாகச் செய்யலாம். அந்தத் துளை மதர்போர்டோடு சேர்த்து சால்டர் செய்யப்பட்டது, கடையில் "போர்ட் போய்விட்டது" என்றால் அது பெரிய வேலை, அதற்கு முன் குச்சியால் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது. இதெல்லாம் பார்த்தும் இறங்குகிறது என்றால் பேட்டரிதான். 1,000 முழு சார்ஜுக்குப் பிறகும் 80 விழுக்காடு நிற்கும்படி வடிவமைத்திருப்பதாக ஆப்பிள் சொல்கிறது, 2021இலிருந்து தினமும் ஓடும் ஐபேட் அந்த எண்ணிக்கையைத் தாண்டியிருக்க வாய்ப்புண்டு.

இங்கேதான் உங்களுக்கு லாபம் இருக்கிறது. பேட்டரியை மாற்ற எப்படியும் கண்ணாடியை எடுக்க வேண்டும், கண்ணாடியை மாற்ற எப்படியும் பசையை உரிக்க வேண்டும், ஆகவே இரண்டையும் ஒரே திறப்பில் செய்யச் சொல்லி ஒரே கூலியாகப் பேசுங்கள். தனித்தனியாகச் செய்தால் அடுத்த முறை புதுக் கண்ணாடி உடையும் அபாயத்தையும் நீங்களே சுமக்க வேண்டும்.

கடையில் இரண்டு விஷயத்தை அழுத்திச் சொல்லுங்கள். பழைய ஹோம் பட்டன் அப்படியே புதுக் கண்ணாடிக்கு மாற வேண்டும். விரல் ரேகை பார்க்கும் அந்த பட்டன் இந்த மதர்போர்டோடு மட்டும் பொருந்தியது, வேறு பட்டன் போட்டால் அழுத்த வேலை செய்யும், ரேகை படிக்காது. பட்டனோடு சேர்ந்தே வரும் ரெடிமேட் கண்ணாடியைக் காட்டினால் அதற்குத் தலையாட்டாதீர்கள். இன்னொன்று, விழுந்தது மூலையில் என்பதால் அலுமினிய பிரேம் அங்கே நசுங்கியிருக்கலாம், அதை நிமிர்த்தாமல் கண்ணாடியை வைத்து அமுக்கினால் உட்காராது, சில வாரத்தில் அதே மூலையில் மறுபடியும் விரிசல் விழும். நிமிர்த்தும் வேலையையும் சேர்த்துச் செய்வார்களா என்று கேட்டாலே, எதிரில் நிற்பவருக்கு வேலை தெரியுமா என்பது தெரிந்துவிடும். கொடுப்பதற்கு முன் எல்லாவற்றையும் பேக்கப் எடுங்கள், பாஸ்கோட் கொடுக்காதீர்கள், திரும்ப வாங்கும்போது நீங்களே திறந்து டச், ரேகை, கேமரா, வைஃபை, சார்ஜ் எல்லாவற்றையும் கடையிலேயே பாருங்கள். பழைய பேட்டரியை வீட்டுக் குப்பையில் போடாமல் கடையிலேயே மின்கழிவுக்கு விடச் சொல்லுங்கள்.

ரசீது கட்டாயம் வேண்டும், அதில் செய்யும் வேலையும் உத்தரவாத காலமும் எழுதியிருக்க வேண்டும். 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் பழுது பார்க்கும் சேவைக்கும் பொருந்தும், வேலை கெட்டுப்போய்க் கடை கைவிரித்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 ரிங்கிட் கட்டி, வழக்கறிஞர் இல்லாமலே புகார் செய்யலாம், 50,000 ரிங்கிட் வரை அங்கே கேட்கலாம்.

இனி வாங்கும்போது என்ன பார்ப்பது? உங்கள் ஐபேடைப் போலத் தனிக் கண்ணாடி உள்ள மாடல் விழுந்தால் செலவு குறைவு, 2022இல் வந்த பத்தாம் தலைமுறையும் அப்படித்தான், அதில் பேட்டரிக்கு இழுத்து உரிக்கும் பட்டையும் இருக்கிறது. பேட்டரியைக் கையாலேயே கழற்றி மாற்ற வேண்டும் என்றால் சாம்சங்கின் டேப் ஆக்டிவ் வரிசை இருக்கிறது, 2024இல் ஆக்டிவ்5 வந்தது, தடிமனாக இருக்கும், ஆனால் பின்மூடியைத் திறந்தால் பேட்டரி கையில் வந்துவிடும். மெல்லியதாகச் செய்தால் பசை இல்லாமல் முடியாது என்ற பேச்சையும் நம்பாதீர்கள். மைக்ரோசாஃப்ட்டின் முதல் சர்ஃபேஸ் புரோவுக்கு 2013இல் ஐஃபிக்ஸிட் என்ற பழுதுபார்ப்புத் தளம் பத்துக்கு ஒரு மதிப்பெண்தான் கொடுத்தது, அதே வரிசையில் 2022இல் வந்த சர்ஃபேஸ் புரோ 9க்கு ஏழு கிடைத்தது, நிறுவனம் மனது வைத்ததால் வந்த மாற்றம் அது. 2025 ஜூன் 20 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் புதிய டேப்லெட்டுகளுக்கு, பழுது பார்ப்பது எவ்வளவு எளிது என்று ஏ முதல் இ வரை தரம் போட்ட லேபிள் கட்டாயம். ஈப்ரெல் என்ற அவர்களுடைய தரவுத்தளம் எல்லோருக்கும் திறந்திருக்கிறது, நீங்கள் பார்த்து வைத்திருக்கும் மாடல் அங்கேயும் விற்கப்படுகிறது என்றால் அதன் எழுத்தைப் பிறையில் உட்கார்ந்தே பார்த்துக்கொள்ளலாம்.