மிளகுத்தூள் இருக்கட்டும், காய்ச்சலைக் கவனியுங்கள்

கேள்வி: என் கணவருக்கு லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய்க்காகக் கீமோதெரபி நடக்கிறது. நாங்கள் பல வருடங்களாக வாங்கும் மிளகுத்தூள் பாக்கெட்டில் கதிர்வீச்சால் பதப்படுத்தியது என்று போட்டிருப்பதை இப்போதுதான் பார்த்தேன். அது புற்றுநோயைத் தரும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. அதை வீசிவிட்டு, சந்தையில் சில்லறையாக மிளகு வாங்கி அரைத்து சூப்பில் தூவிக் கொடுக்கிறேன். முடி கொட்டுகிறது, வாய் கசக்கிறது என்கிறார். சென்ற முறை மருந்து ஏற்றிய பத்தாம் நாள் காய்ச்சல் வந்தது. பாராசிட்டமால் கொடுத்ததில் சரியாகிவிட்டது.
- வாசகி, திருச்சி

பதில்: இல்லை அம்மா, உங்கள் சமையலால் அவருக்கு இந்த நோய் வரவில்லை. நீங்கள் எழுதாமல் விட்ட கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன்.

கோபால்ட்-60 என்ற கதிரியக்க உலோகம் வெளிவிடும் காமா கதிர் மிளகின் ஊடே பாய்ந்து, அதிலுள்ள கிருமிகளின் டி.என்.ஏ.வைச் சிதைக்கிறது. மிளகைக் கதிரியக்கப் பொருளாக மாற்றும் ஆற்றல் அதற்குக் கிடையாது. மார்புக்கு எக்ஸ்ரே எடுத்துக்கொண்டவர் வீட்டுக்கு வந்து கதிர் வீசுவதில்லையே! உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச அணுசக்தி முகமையும் சேர்ந்து கூட்டிய நிபுணர் குழு 1980-லேயே, 10 கிலோகிரே (உணவு ஏற்கும் கதிரின் அளவை அளக்கும் அலகு) வரை கதிர் பாய்ச்சிய உணவால் நச்சு ஆபத்து இல்லை என்று சொல்லிவிட்டது. 1990-களின் இறுதியில் கூடிய இன்னொரு குழு, அதற்கு மேற்பட்ட அளவுக்கும் அதையே சொன்னது. நவி மும்பை வாஷியில் 2000-ஆம் ஆண்டிலிருந்து மசாலாப் பொருள்களுக்கு இந்த வேலை நடக்கிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பியவர் இதில் எதையும் படித்திருக்க மாட்டார்.

சரியாகக் காயாத மிளகாயிலும் கடலையிலும் பூஞ்சை உண்டாக்கும் அஃப்லாடாக்சின்தான் உண்மையில் கல்லீரல் புற்றுநோயோடு தொடர்புள்ளது. ஏற்கெனவே உருவாகிவிட்ட அந்த நஞ்சைக் கதிர்வீச்சாலும் முழுதாக அழிக்க முடியாது. பூசணம் பிடித்ததை வாங்காதீர்கள், அவ்வளவுதான்.

தரையில் காய்ந்த மிளகில் சால்மோனெல்லா என்ற நோய்க்கிருமி இருக்கலாம். எதிர்ப்புச் சக்தி குன்றியவருக்கு அதைச் சூப்பின் மேல் பச்சையாகத் தூவுவதுதான் தவறு. கொதிக்கும்போதே போடுங்கள், அல்லது அந்தப் பழைய பாக்கெட்டையே வாங்குங்கள். முடி திரும்ப முளைக்கும். வாய்க் கசப்பும் பெரும்பாலும் சிகிச்சை முடிந்தபின் போய்விடும்.

ஆனால் அந்தக் காய்ச்சலை எப்படிக் கடைசி வரியில் எழுதினீர்கள்? மருந்து ஏற்றிய ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள்வரை பொதுவாக, கிருமிகளை எதிர்க்கும் ரத்த வெள்ளணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். அப்போது கிருமி ரத்தத்தில் கலந்தால் சில மணி நேரத்தில் உயிருக்கு ஆபத்தாகிவிடும். காய்ச்சலைத் தவிர வேறு அறிகுறியே தெரியாமலும் போகலாம். பாராசிட்டமால் அந்த ஒரே அறிகுறியையும் மறைத்துவிடும். சென்ற முறை தப்பித்தது அதிர்ஷ்டம்.

இன்றே ஒரு தெர்மாமீட்டர் வாங்குங்கள். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டாலோ, குளிர் நடுக்கம் வந்தாலோ, நள்ளிரவானாலும் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். கீமோ ஏற்றிய தேதியை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். சென்ற முறை காய்ச்சல் வந்ததை அடுத்த ஊசிக்கு முன்பே அவருடைய புற்றுநோய் மருத்துவரிடம் தெரிவித்துவிடுங்கள். மருந்தின் அளவை அவர் மாற்ற வேண்டியிருக்கலாம்.