விளக்கு என்ற சொல்

அன்புள்ள ஐயா,

அரூரில் நண்பர்கள் சேர்ந்து போடும் எங்கள் நாடகம் சனிக்கிழமை அரங்கேறுகிறது. முழு ஒத்திகை நேற்றுதான் நடந்தது. இரண்டேகால் மணி நேரம் ஓடியது. கடைசிக் காட்சி சப்பென்று இருக்கிறது என்கிறார்கள். புதிதாக ஒரு காட்சி சேர்க்கலாமா? தலைப்பையும் மாற்றச் சொல்கிறார்கள். அந்தக் கால நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் ஒரே இரவில் ஒரு நாடகத்தையே எழுதினார் என்பார்களே, நான்கு நாளில் ஒரு காட்சி முடியாதா?

கே., அரூர்

அன்புள்ள கே.,

தலைப்பை விடுங்கள். இந்நேரம் நோட்டீஸ் அடித்திருப்பீர்கள்.

சுவாமிகளை ஏன் இழுக்கிறீர்கள்? அவர் தானே வேடம் கட்டி ஆடியவர், வாத்தியாராக இருந்து பையன்களைப் பழக்கியவர். எவன் வாயில் எது நிற்கும் என்று தெரிந்த கை அது. நீங்கள் முழு ஒத்திகையையே நேற்றுதான் பார்த்திருக்கிறீர்கள்!

சேர்க்காதீர்கள், வெட்டுங்கள். ஆனால் ஒருவர் பேச்சின் கடைசிச் சொல்லை மட்டும் தொடாதீர்கள். அடுத்தவர் அதைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறார்.

நான் தொட்டேன். பாலக்கோடு பக்கம் ஒரு கோயில் திடலில் எங்கள் நாடகம். மகன் ‘இனி இந்த வீட்டில் எரியாது விளக்கு’ என்று முடிப்பான். அம்மா உள்ளே வருவாள். மேடையேறும் அன்று மத்தியானம் எனக்குக் கவித்துவம் பொங்கிவிட்டது. ‘இனி இந்த வீடு இருட்டின் சொத்து’ என்று மாற்றி, மகனாக நடித்தவனிடம் மட்டும் சொன்னேன். ராத்திரி அவன் அழகாகப் பேசி முடித்தான். அம்மா வரவில்லை. படுதாவுக்குப் பின்னால் அரிக்கேன் விளக்கைத் தூக்கிக்கொண்டு, ‘விளக்கு’ என்ற சொல்லுக்காக அந்த அக்கா காத்திருக்கிறார். படுதாவின் அடியில் அவர் கால்விரல்கள் எனக்குத் தெரிகின்றன. ஆர்மோனியக்காரர் ஒரே கட்டையை அழுத்திப் பிடித்திருந்தார். முன்வரிசையில் ஒரு பொடியன், “கரண்ட் போச்சா?” என்றான். அக்கா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

நம் பக்கத்துப் பாரதக் கூத்தைப் பாருங்கள். கையில் தாள் கிடையாது. வசனத்தை ஆள் பார்த்து, ஊர் பார்த்து நீட்டுவார்கள். கோமாளியாக வரும் கட்டியங்காரன் உள்ளூர்க் கடன் தகராறு வரைக்கும் போய்விட்டு வருவான். ஆனால் பாட்டு மாறாது. வேடக்காரர் முதலடியை எடுத்ததும் பின்பாட்டுக்காரர்கள் பிடித்துக்கொள்வார்கள். அந்த முதலடியை ஒருவர் இஷ்டத்துக்கு மாற்றினால் மத்தளக்காரரே திட்டுவார். நமக்குத்தான் பேனா கையில் இருக்கும் திமிர்.

கடைசிக் காட்சியா? அதற்கு முந்தையதில் பத்து நிமிடம் குறைத்துப் பாருங்கள்.

எத்தனை மணிக்கு என்று எழுதவில்லையே? இரவு என்றால் எனக்குத் திரும்ப பஸ் கிடையாது. ஒரு பாய் எடுத்து வையுங்கள்.