செல்லாத காசும் ஜன்னல் வழியா விழுந்தவரும்

வணக்கம் சார்,

உங்களை ரொம்ப நாளா வாசிக்கறேன், எழுதறது இதான் முதல் தடவை. எனக்கு ஒரு கிறுக்கு உண்டு. இங்கிலீஷ்ல எங்கயாவது வினோதமா ஒரு வார்த்தை கண்ணுல பட்டா உடனே நோட்டுல அர்த்தத்தோட எழுதி வச்சுக்குவேன். டிஃபெனஸ்ட்ரேஷன்னா ஒருத்தரை ஜன்னல் வழியா தூக்கி வெளிய போடறது, போர்போரிக்மஸ்னா வயித்துக்குள்ள கேக்கற கடமுடா சத்தம், ஃப்ளாக்சிநாசிநைஹிலிபிலிஃபிகேஷன்னா ஒண்ணை "இது எதுக்கும் ஆகாது"ன்னு ஒதுக்கறது, 29 எழுத்து. ஒரு நுரையீரல் நோய்க்கு 45 எழுத்துல பேர் இருக்கு, அதையும் மனப்பாடம் பண்ணிட்டேன். இப்படி முந்நூறு தேறும்.

போன வாரம் ஆபீஸ் மீட்டிங்ல ஒருத்தர் அரை மணி நேரம் பேசினார், யாருக்கும் ஒண்ணும் புரியல, நான் வாய் சும்மா இருக்காம "இது காபிள்டிகூக்"னு, புரியாத வெத்துப் பேச்சுங்கற அர்த்தத்துல, சொல்லிட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க, அவரைப் பாத்து இல்ல, என்னைப் பாத்து. என் ஃப்ரெண்ட் வேற, யாருமே பேசாத வார்த்தையைச் சேக்கறது செல்லாத காசைச் சேக்கற மாதிரிங்கறான். அப்பலேர்ந்து மனசே சரியில்ல. இது உருப்படாத வேலையா சார்?

இன்னும் ரெண்டு சந்தேகம். நியூஸ்ங்கறது நார்த், ஈஸ்ட், வெஸ்ட், சவுத்தோட முதல் எழுத்து, கோல்ஃப்ங்கறது "ஜென்டில்மேன் மட்டும், லேடீஸ் வரக்கூடாது"ங்கறதோட முதல் எழுத்துன்னு வாட்ஸப்ல வந்துச்சு, உண்மையா? அப்புறம் நாளன்னைக்குன்னு நாம ஒரே வார்த்தையில சொல்றதை இங்கிலீஷ்ல ஏன் நாலு வார்த்தையில சுத்தி வளைச்சு சொல்றாங்க?

அன்புடன்,
உங்க வாசகன்

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்க ஃப்ரெண்ட் சொன்னது சரிதான், ஆனா என்ன சொல்றோம்னு தெரியாம சொல்லிட்டார். செல்லாத காசைத்தானே சேப்பாங்க? செல்லற காசை யாராவது ஆல்பத்துல போட்டு வைப்பாங்களா, செலவு பண்ணிடுவாங்க. ஆனா பழைய காசு சேக்கறவரைக் கேட்டுப் பாருங்க, இது எந்த ராஜா அடிச்சது, எந்த மண்ணுக்குள்ள கிடைச்சது, ஏன் ராஜாவோட மூக்கு தேஞ்சிருக்குன்னு பேசிட்டே போவார். எத்தனை கிராம்னு மட்டும் சொல்லிட்டு டப்பாவை மூட மாட்டார். உங்க நோட்டுல எனக்குத் தெரியற குறை இது ஒண்ணுதான், நீங்க எடையை மட்டும் எழுதி வச்சிருக்கீங்க.

டிஃபெனஸ்ட்ரேஷனையே எடுத்துக்குங்க. ஜன்னலுக்கு லத்தீன்ல ஃபெனஸ்ட்ரா, அதுலேர்ந்து வந்தது, சரி. ஆனா ஆளை ஜன்னல் வழியா போடறதுக்குன்னு தனியா ஒரு வார்த்தை தேவைப்பட்டுச்சுன்னா அங்க என்னமோ நடந்திருக்கணும் இல்லையா? நடந்துச்சு, பிராக் நகரத்துல, அதுவும் ஒரு தடவை இல்ல. 1419ல ஒரு கூட்டம் நகரசபைக்குள்ள புகுந்து உள்ள இருந்தவங்களை ஜன்னல் வழியா தள்ளிச்சு. அப்புறம் 1618 மே 23, இந்தத் தடவை கோட்டையில. கத்தோலிக்கப் பேரரசரோட ஆட்சிப் பிரதிநிதிகள் ரெண்டு பேரை புராட்டஸ்டன்ட் பிரபுக்கள் பேசிட்டே இருக்கும்போது தூக்கி வெளிய எறிஞ்சாங்க, கூடவே அவங்க செக்ரெட்டரியையும். பாவம், அந்தாளு நோட்ஸ் எடுக்க வந்திருப்பார். கிட்டத்தட்ட 70 அடி உயரம், ஆனா மூணு பேருமே பிழைச்சுட்டாங்க. மேரி மாதா தாங்கிப் பிடிச்சாங்கன்னு கத்தோலிக்கர்கள் சொன்னாங்க, கீழ சாணிக் குவியல் இருந்துச்சுன்னு புராட்டஸ்டன்டுகள் சொன்னாங்க. இதுலேர்ந்துதான் முப்பது வருஷப் போர் ஆரம்பிச்சு ஐரோப்பாவுல பாதி நாசமாச்சு. அந்த செக்ரெட்டரிக்குப் பின்னால பேரரசர் ஒரு பட்டம் குடுத்தார், "ஹோஹென்ஃபால்", அதாவது உயரத்துலேர்ந்து விழுந்தவர்! நெஜமாவே குடுத்தார். இப்ப உங்க நோட்டுல அந்த வரியை எடுத்துப் பாருங்க, "ஜன்னல் வழியா தூக்கிப் போடறது", எவ்வளவு சப்புன்னு இருக்கு.

அந்த 45 எழுத்து வார்த்தைக்காக மட்டும் உங்களுக்காக வருத்தப்படறேன். அது நோயோட பேரே இல்ல. 1935ல அமெரிக்காவுல புதிர் போடறவங்களோட சங்கத் தலைவர் ஒருத்தர், இங்கிலீஷ்லயே பெரிய வார்த்தையா இருக்கட்டும்னு வேணும்னே ஒட்டு மேல ஒட்டு போட்டு செஞ்சது, அப்படியே அகராதிக்குள்ள ஏறிடுச்சு. டாக்டருங்க அந்த நுரையீரல் நோயை சிலிகோசிஸ்னு இங்கிலீஷ்ல ஒம்பதே எழுத்துல எழுதிட்டுப் போயிடறாங்க. 29 எழுத்து கொஞ்சம் பரவாயில்ல, 18ஆம் நூற்றாண்டு பசங்களோட சேட்டை. லத்தீன் இலக்கணப் புத்தகத்துல "துச்சம்"ங்கற அர்த்தம் வர்ற வார்த்தைகளை வரிசையா குடுத்திருப்பாங்க, அதை அப்படியே கோத்துட்டாங்க. ஃப்ளாக்சின்னா கம்பளித் துணுக்கு அளவு, நைஹிலின்னா ஒண்ணுமே இல்லாத அளவு, பிலின்னா ஒரு மயிர் அளவு. ஆமா, தமிழ்ல கோவம் வந்தா சொல்றோமே "மயிரே போச்சு"ன்னு, ரோமாபுரிக்காரனும் அதையேதான் சொல்லியிருக்கான். இத்தனை பாஷை இருக்கு, திட்டணும்னா எல்லாரும் தலையிலதான் கை வைக்கறாங்க.

போர்போரிக்மஸ் கிரேக்கம், கிரேக்கனும் வயித்துல காதை வச்சு கேட்டுட்டுதான் பேர் வச்சிருக்கான், நாம கடமுடான்னு வச்ச மாதிரியே. இந்த மாதிரி வார்த்தைகள்ல ஒரு தமாஷ் இருக்கு. இங்கிலீஷ்ல வினோதம்னு பட்டியல்ல வர்றது பாதி நமக்கு சாதாரணம். ஹாரிபிலேஷன்னு போட்டு ஆச்சரியக்குறி போடுவாங்க, என்னன்னு பாத்தா புல்லரிப்பு. பான்டிகுலேஷன்னா சோம்பல் முறிக்கறது. பெட்ரிக்கோர்னு ஒண்ணு, 1964ல ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் ரெண்டு பேர் கிரேக்கத்துலேர்ந்து எடுத்து உண்டாக்கினது, பெட்ரான்னா கல்லு, ஐக்கோர்னா கடவுள்களோட நரம்புல ரத்தத்துக்கு பதிலா ஓடற திரவம். காய்ஞ்ச மண்ணும் கல்லும் இழுத்து வச்சுக்கற எண்ணெய் மழை பட்டதும் வாசனையா எழும்புதுங்கறது அவங்க கண்டது, அந்த எண்ணெய்க்குத்தான் இந்தப் பேர். அழகான பேர்தான், ஒத்துக்கறேன். நாம மண்வாசனைன்னு சொல்லிட்டு அடுத்த வேலையைப் பாக்கப் போயிடறோம்.

சரி, மீட்டிங் விஷயம். காபிள்டிகூக்கை நீங்க பிசகில்லாம பயன்படுத்தியிருக்கீங்க, சிரிச்சவங்களுக்குத்தான் தெரியல. அந்த வார்த்தை பிறந்ததே இந்த மாதிரி மீட்டிங்குகளுக்காகத்தான்! 1944, உலகப்போர் நடக்குது, மௌரி மேவரிக்னு டெக்ஸாஸ்காரர், முன்னாள் எம்.பி., ஒரு அரசு நிறுவனத்துக்குத் தலைவரா இருக்கார். வர்ற ஃபைல் எல்லாம் ஜவ்வு மாதிரி, யார் என்ன செய்யணும்னே புரியாத பாஷையில. கடுப்பாகி எல்லாருக்கும் ஒரு சுற்றறிக்கை விட்டார், சுருக்கமா எழுதுங்க, "ஆக்டிவேஷன்", "இம்ப்ளிமென்டேஷன்"னு எழுதறவன் சுடப்படுவான்னு. பேர் எப்படி வந்துச்சுன்னு கேட்டதுக்கு, வான்கோழி நெஞ்சை நிமித்திக்கிட்டு காபிள் காபிள்னு கத்திட்டே நடக்குமே அதை நினைச்சு வச்சிருக்கலாம்னார். இதோட முடியல. இவரோட தாத்தா சாமுவேல் மேவரிக், மாட்டுக்கு சூடு போட்டு அடையாளம் வைக்காம விட்டவர், அதனால அடையாளம் இல்லாம திரியற மாட்டுக்கெல்லாம் மேவரிக்னு பேராகி, அப்புறம் யார் சொல்லுக்கும் அடங்காத மனுஷனுக்கும் அதே பேர் ஆச்சு. தாத்தா ஒரு வார்த்தை, பேரன் ஒரு வார்த்தை, சில குடும்பத்துல சொத்து இப்படி வருது.

உங்க ஃப்ரெண்டுக்கு நான் ஒரு வார்த்தை தர்றேன், நோட்டுல இல்லேன்னா எழுதிக்குங்க. அல்ட்ராகிரெபிடேரியன். தனக்குத் தெரியாத விஷயத்துல கருத்து சொல்றவர். அப்பெல்லிஸ்னு கிரேக்க ஓவியர், படத்தை வெளிய வச்சுட்டு பின்னால ஒளிஞ்சு நின்னு வர்றவன் போறவன் என்ன சொல்றான்னு கேப்பாராம். ஒரு செருப்பு தைக்கறவர் வந்து, செருப்புல ஒரு வார் குறையுதேன்னார். நியாயமான பேச்சு, திருத்திட்டார். மறுநாள் அதே ஆள் வந்து, நம்ம பேச்சு எடுபட்டுடுச்சேன்னு குஷியில, காலும் சரியில்லன்னு ஆரம்பிச்சார். அப்பெல்லிஸ் தலையை வெளிய நீட்டி, செருப்புக்கு மேல போகாதப்பான்னாராம். கிரெபிடான்னா செருப்பு, அல்ட்ரான்னா அதுக்கு மேல. 1819ல ஹேஸ்லிட்ங்கற கட்டுரையாளர், கிஃபோர்டுங்கற விமர்சகரைத் திட்டி ஒரு பகிரங்கக் கடிதம் எழுதறப்ப இதை எடுத்து வீசினார். அதுல உள்குத்து என்னன்னா, அந்த கிஃபோர்டு சின்ன வயசுல செருப்பு தைக்கத்தான் தொழில் பழகப் போனவர். கொஞ்சம் கீழ்த்தரமான அடிதான், எனக்குப் பிடிக்கல, ஆனா கச்சிதம்.

வாட்ஸப் சமாச்சாரம் ரெண்டுமே பொய். நியூஸ்னா நியூங்கறதோட பன்மை, புதுசுகள், அவ்வளவுதான். கோல்ஃப்ங்கற வார்த்தை ஸ்காட்லாந்துல 1457லயே சட்டத்துல வருது, எதுக்குன்னா அந்த ஆட்டத்தைத் தடை பண்ணி! வில்வித்தை பழகாம பந்தடிச்சுட்டுத் திரியறாங்கன்னு ஃபுட்பாலையும் சேத்து தடை போட்டாங்க. ஆக, வரக்கூடாதுன்னு சொன்னது ஜென்டில்மேனைத்தான். பொதுவா ஒண்ணு வச்சுக்குங்க, முதல் எழுத்தையெல்லாம் சேத்து வார்த்தை உண்டாக்கற பழக்கம் 20ஆம் நூற்றாண்டுல வந்துதான் பெருகிச்சு, அதனால பழைய வார்த்தைக்கு அந்த மாதிரி விளக்கம் வந்தா பத்துக்கு ஒம்பது கட்டுக்கதை.

எனக்கு உண்மையா வினோதமா படறது உங்க நோட்டுல இடமே கிடைக்காத வார்த்தைங்க. நைஸ்! ஆதியில லத்தீன்ல அதுக்கு விவரம் தெரியாதவன்னு அர்த்தம், அப்புறம் இங்கிலீஷ்ல முட்டாள் ஆச்சு, அப்புறம் நொட்டை பாக்கறவன், அப்புறம் நுணுக்கமானவன், கடைசியில நல்லவன். சில்லி நேரெதிர்ப் பக்கம் போச்சு. முதல்ல பாக்கியசாலி, கடவுள் அருள் பெத்தவன், அப்புறம் சூதுவாது தெரியாதவன், அப்புறம் ஐயோ பாவம், இப்ப மடையன். ரெண்டும் எதிரெதிர் ரயில்ல போற மாதிரி வழியில ஒரு ஸ்டேஷன்ல பாத்திருக்கும். மசில்ங்கறது லத்தீன்ல சுண்டெலி, கையை மடக்கினா தோலுக்கடியில எலி ஓடற மாதிரி தெரியுதாம். ஜிம்முக்குப் போறவங்க யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. க்ளூங்கறது நூல்கண்டு, கிரேக்கக் கதையில தீசியஸ் சுத்துப்பாதைக்குள்ள போய் நூலைப் பிடிச்சுட்டே வெளிய வந்தானே, அந்த நூல்.

இன்னொரு கூத்து. நிக்நேம்னு சொல்றோமே, அது "ஈக்நேம்", ஈக்னா கூடுதல், கூடுதல் பேர். "அன் ஈக்நேம்"னு வேகமா சொல்லிச் சொல்லி முன்னால இருந்த ன் வழுக்கி இந்தப் பக்கம் வந்து ஒட்டிக்கிச்சு. ஏப்ரன்ல தலைகீழ், அது நேப்ரன், "அ நேப்ரன்" "அன் ஏப்ரன்" ஆயிடுச்சு. அம்பயரும் இப்படித்தான், மூலத்துல நூம்பர்ங்கற மாதிரி ஒரு சத்தம், பிரெஞ்சுல ஜோடி சேராதவன், ரெண்டு பேருக்கு நடுவுல மூணாவது ஆள். ஒருத்தன் வீட்டு எழுத்தைத் தூக்கிட்டு வந்து இன்னொருத்தன் வீட்டுல வச்சாச்சு, நூத்துக்கணக்கான வருஷமா யாரும் திருப்பிக் கேக்கல.

அகராதியிலயே அப்படி நடந்திருக்கு. 1934ல வந்த வெப்ஸ்டர் பெரிய அகராதியில "டோர்ட்"னு ஒரு வார்த்தை, அடர்த்தின்னு அர்த்தம் போட்டிருக்கும். அப்படி வார்த்தையே கிடையாது. அடர்த்திக்குச் சுருக்கமா பெரிய டி போடலாம், இல்லேன்னா சின்ன டி போடலாம்னு "டி ஆர் டி"ன்னு 1931ல ஒரு துண்டுச்சீட்டு அனுப்பினாங்க, அதை இங்க யாரோ ஒரே வார்த்தையா படிச்சு, அதுக்கு உச்சரிப்பு வேற போட்டு ஏத்திட்டாங்க. 1939ல ஒரு எடிட்டர், இதுக்கு மட்டும் ஏன் வேர்ச்சொல் குறிப்பு இல்லன்னு தோண்டினப்பதான் தெரிஞ்சது, எடுத்துப் போட 1947 ஆச்சு. 2001 ஆக்ஸ்ஃபோர்டு அமெரிக்க அகராதியில இன்னொண்ணு, எஸ்குவிவேலியன்ஸ். இது தப்பு இல்ல, பொறி. காப்பியடிக்கறவங்களைப் பிடிக்க அவங்களே கற்பனையா உண்டாக்கினது. அர்த்தம் என்ன குடுத்தாங்க தெரியுமா? வேணும்னே கடமையைத் தட்டிக்கழிக்கறது. வச்சவங்களுக்கு நல்ல குசும்பு. இந்த ரெண்டையும் நோட்டுல தனிப் பக்கம் போட்டு எழுதுங்க, உங்க ஃப்ரெண்ட் சொன்ன செல்லாத காசுன்னா இதுதான், கள்ளக்காசு.

நானும் யோக்கியன் இல்ல. பெரூஸ்னா மேலோட்டமா புரட்டறதுன்னு நினைச்சு எத்தனையோ மெயில்ல "சும்மா பெரூஸ் பண்ணினேன்"னு எழுதியிருக்கேன், அதுக்கு ஊன்றிப் படிக்கறதுன்னுதான் பழைய அர்த்தம். இப்ப அகராதிங்கள்ல ரெண்டும் போட ஆரம்பிச்சுட்டாங்க, என்னை மாதிரி ஆளுங்க அவ்வளவு பேர்.

நாளன்னைக்குக்கு வருவோம். இங்கிலீஷ்ல இருந்துச்சு, தொலைச்சுட்டாங்க. ஓவர்மாரோ. ஜெர்மன்ல இன்னைக்கும் அதே மாதிரி உபர்மோர்கன்னு சொல்லிட்டுத்தான் இருக்காங்க. முந்தாநாளுக்கும் ஏர்யெஸ்டர்டேன்னு ஒண்ணு இருந்துச்சு, அதையும் காணோம். அடுத்த மீட்டிங் ஓவர்மாரோ காலையில பத்து மணிக்குன்னு ஒரு மெயில் தட்டி விடுங்க, எத்தனை பேர் எந்தெந்த நாள்ல வந்து உக்காந்தாங்கன்னு எனக்கு எழுதுங்க.