மூட்டைக்கு ஒன்றரைக் கிலோ போகுது, கேட்க வழி உண்டா?

கேள்வி: எங்கள் ஊர் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் போன வாரம் 180 மூட்டை சன்னரகம் போட்டேன். சீட்டில் மூட்டைக்கு 40 கிலோ. தராசில் நின்றது 42. கேட்டால் ‘சாக்கு, ஈரம்’ என்கிறார்கள். அதுபோக எடைக்கூலி என்று மூட்டைக்கு 40 ரூபாய், ரசீது கிடையாது. ‘இஷ்டமில்லைன்னா நெல்லைத் திருப்பி ஏத்திக்கோ’ என்றார்கள். வழக்குப் போடலாமா?
- திருவாரூர் மாவட்ட விவசாயி

பதில்: முதலில் கணக்கைப் பார்ப்போம். வெறும் சணல் சாக்கு அரைக் கிலோவும் கொஞ்சமும்தான் இருக்கும். தராசு 40.600 காட்டினால் சரி. 42 என்றால் மூட்டைக்கு 1.4 கிலோ வீதம் 252 கிலோ போயிருக்கிறது. குவிண்டால் 2,545 ரூபாய் என்று வைத்தால் 6,400 ரூபாய்க்கு மேல். கூலி என்று வாங்கியது 7,200. ஈரம் அதிகம் என்றால் நெல்லை வாங்க மறுக்கலாம், அதற்கு ஈடாகக் கிலோவை உருவ முடியாது.

எடை குறைத்து விற்பவரைத்தான் சட்டம் பிடிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். 2009-ஆம் ஆண்டு சட்டமுறை எடையளவுச் சட்டத்தின் 30-ஆவது பிரிவு, வாங்கும்போது மோசடியாக அதிகம் எடுத்துக்கொள்வதையும் குற்றம் என்கிறது. இதற்கான புகாரைத் தொழிலாளர் துறையில் தராசுகளைச் சரிபார்த்து முத்திரையிடும் முத்திரை ஆய்வாளரிடம் கொடுங்கள். மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வேண்டும், அந்தக் கட்டணமும் தராசு வைத்திருப்பவர் பொறுப்பு. அடுத்த முறை எடை போடும்போது வெறும் சாக்கைத் தனியாக வைக்கச் சொல்லி, தராசு காட்டும் எண்ணைக் கைபேசியில் படமெடுங்கள். சீட்டும் அந்தப் படமும் சேர்ந்தால்தான் புகார் நிற்கும்.

7,200 ரூபாய் வேறு கதை. அரசு நிலையத்தில் ரசீதில்லாமல் ஊழியர் வாங்கினால் அது லஞ்சம்தான், கூலி என்று பெயர் வைத்தாலும். கொடுத்தவருக்கும் சிக்கல் உண்டு. 2018-இல் திருத்திய ஊழல் தடுப்புச் சட்டப்படி, கட்டாயத்தால் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் புகார் செய்தால்தான் தப்பிக்கலாம். ‘போன வாரம்’ என்கிறீர்களே, தேதியை இப்போதே எண்ணிப் பாருங்கள். ஏழு நாள் தாண்டவில்லை என்றால் இன்றே மாவட்ட ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்புத் துறை அலுவலகத்துக்குப் போங்கள். தாண்டியிருந்தால் எதையும் எழுதிக் கொடுக்கும் முன் உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள்.

நுகர்வோர் ஆணையத்துக்கு அலைய வேண்டாம். இங்கே நீங்கள் விற்பவர், நுகர்வோர் அல்ல. அப்புறம், ஆட்சியர் நடத்தும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். தனியாகப் போகாதீர்கள், அதே நிலையத்தில் நெல் போட்ட நாலு பேரையாவது கையெழுத்துப் போட வையுங்கள்.