உங்கள் சிபில் எப்படி அடி வாங்கியது?

கேள்வி: மனைவியின் ஊரில் பாக்குமட்டைத் தட்டு யூனிட் போடப் போகிறேன். 10 லட்சம் ஆகும். சொந்தத் தொழிலுக்கு மானியத்தோடு பேங்க் கடன் கிடைக்கும் மத்திய அரசின் பி.எம்.இ.ஜி.பி. திட்டத்தில், கிராமத்தில் பெண்கள் பெயரில் போட்டால் 35 சதவீதம் மானியமாம். என் சிபிலும் (பழைய கடன்களை ஒழுங்காகக் கட்டினேனா என்று காட்டும் மதிப்பெண்) கொஞ்சம் அடி வாங்கியிருக்கிறது. அதனால் மனைவி பெயரில் விண்ணப்பிக்கிறேன், அவள் கையெழுத்துப் போட்டால் போதும். இருவருக்கும் ஓ.பி.சி. சர்டிபிகேட் இருக்கிறது. மானியம் எத்தனை நாளில் கைக்கு வரும்?

பதில்: கைக்கு வராது, தம்பி. பேங்கிலேயே 3 வருடம் டெபாசிட்டாகக் கிடக்கும். அதற்கு வட்டி கிடையாது; அந்த அளவு கடனுக்கும் வட்டி போட மாட்டார்கள். தொழில் நடக்கிறதா என்று நேரில் வந்து பார்த்த பிறகுதான் கடனில் கழிப்பார்கள்.

இப்போது நான் கேட்கிறேன். சிபில் எப்படி அடி வாங்கியது? ஏதோ வெயிலில் வைத்த அப்பளம் காக்கையிடம் போன மாதிரி எழுதியிருக்கிறீர்கள்.

பெண் பெயர் என்பதெல்லாம் சாக்கு. ஓ.பி.சி. ஆண்களுக்கும் கிராமத்தில் அதே 35 சதவீதம்தான், நாம் போட வேண்டிய கைக்காசும் அதே 5 சதவீதம்தான். மனைவி பெயரால் உங்களுக்கு ஒரு ரூபாய்கூட அதிகம் வராது. வருவது ஒன்றே ஒன்று: இன்னும் கெடாத ஒரு பெயர்.

நான் பேங்கில் கடன் பிரிவில் இருந்தவள். இந்தக் காட்சியை எத்தனை முறை பார்த்திருப்பேன்! கணவர் பேனா மூடியைக் கழற்றிக் கொடுப்பார். பக்கத்துக்குப் பக்கம் விரலை வைத்துக் காட்டுவார். அந்த அம்மா ஒரு வரி படிக்காமல் போட்டுக்கொண்டே போவார். மூன்று தவணை நின்ற பிறகு போன் மட்டும் அந்த அம்மாவுக்கு வரும். "அவரைக் கேளுங்க சார்" என்று அழுதால் பேங்க் கேட்குமா?

உங்கள் கணக்கையே போடுவோம். கைக்காசு 50,000. (அது யாருடைய வளையல் என்று நான் கேட்கவில்லை.) மீதி ஒன்பதரை லட்சம் கடன். மானியம் மூன்றரை லட்சம் கழிந்தாலும் ஆறு லட்சம், வட்டியோடு, உங்கள் மனைவி தலையில். அப்புறம், இந்தத் திட்டத்தில் கணவன் மனைவி சேர்ந்துதான் ஒரு குடும்பம், குடும்பத்துக்கு ஒரு முறைதான். நாளைக்கு அவளுக்கே சொந்தமாக ஒரு தொழில் ஆசை வந்தால் இந்தக் கதவு மூடியாகிவிட்டது.

கட்டிய மனைவியின் பெயரை அடகு வைக்கிறவர், எதற்கு என்றாவது அவளிடம் சொல்ல வேண்டாமா? கடிதம் முழுக்கத் தேடினேன், அவள் என்ன சொன்னாள் என்று ஒரு வரி இல்லை. பழைய கடன் விஷயமே அவளுக்குத் தெரியாது என்றுதான் எனக்குப் படுகிறது.

சிபில் ரிப்போர்ட் வருடத்துக்கு ஒரு முறை இலவசமாகவே கிடைக்கும். எடுத்து, அவளோடு உட்கார்ந்து படியுங்கள். பாக்கி இருந்தால் முதலில் அதைக் கட்டுங்கள். பேரம் பேசி 'செட்டில்' செய்யாதீர்கள், அந்த வார்த்தை ரிப்போர்ட்டில் நின்று வேலையைக் காட்டும். முழுக்கக் கட்டி முடித்ததாகப் பதிவாக வேண்டும். விண்ணப்பத்துக்குப் புரோக்கர் வேண்டாம், மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டாலே சொல்வார்கள்.

எல்லாம் தெரிந்த பிறகும் அவள் சரி என்றால், சந்தோஷம். இந்தத் திட்டத்தின் பயிற்சி வகுப்புக்கு அவள் போகட்டும், பேங்க் பாஸ்புக் அவளிடம் இருக்கட்டும். அந்தப் பயிற்சி நாட்களில் வீட்டுச் சமையல் உங்களுடையது.