கேம் காலரில் ஃபைல் ஏறிவிட்டது, சத்தம் மட்டும் வரவில்லை. என்ன செய்வது?

நீங்கள் கேட்டிருப்பதை ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். எலக்ட்ரானிக் கேம் காலரை (விலங்குகளைக் கூப்பிடுகிற ஒலிக்கருவி) யூஎஸ்பி கேபிளில் கம்ப்யூட்டரோடு இணைத்து ஆறு புது ஒலிகளைக் காப்பி செய்தீர்கள். கம்ப்யூட்டரில் பார்த்தால் ஆறும் இருக்கின்றன, கருவியில் நான்குதான் தெரிகின்றன, அந்த நான்கிலும் ஒன்று ஊமை. கருவி கெட்டுவிட்டதா என்பது உங்கள் கேள்வி. பெரும்பாலும் இல்லை. இதே இடத்தில் மாட்டிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் தொலைத்தவன் நான், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

இந்தக் கருவியைக் கண்ணால் பார்க்காதவர்களுக்கு: அடிபட்ட முயலின் கதறல், எலியின் கீச்சு, கயோட்டியின் (ஓநாய் மாதிரியான வட அமெரிக்க விலங்கு) ஊளை மாதிரி ஒலிகளை உரக்க ஒலிபரப்பி, நரி, கயோட்டி போன்றவற்றை அருகே வரவழைக்கிற ஸ்பீக்கர் பெட்டி இது, கூடவே ஒரு ரிமோட். வாங்குவது அதிகமும் வேட்டைக்காரர்கள்தான். நான் நரிகளைப் படம் எடுக்க வைத்திருக்கிறேன். பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு சின்ன ஆடியோ பிளேயர், ஒரு ஆம்ப்ளிஃபயர், ஒரு ஹார்ன் ஸ்பீக்கர், அவ்வளவுதான். இதை மனதில் வைத்துக்கொண்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும், ஏனென்றால் உங்கள் போன் எந்த ஃபைலைக் கொடுத்தாலும் எப்படியாவது சமாளித்து வாசித்துவிடும், இது அப்படியில்லை, அந்தக் காலத்து மலிவு எம்பி3 பிளேயர் எதற்கெல்லாம் அடம்பிடித்ததோ அதற்கெல்லாம் இதுவும் அடம்பிடிக்கும்.

முதலில், எதையும் தொடுவதற்கு முன், கருவியில் ஏற்கெனவே இருக்கிற ஒலிகள் மொத்தத்தையும் கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டரில் அப்படியே காப்பி எடுத்து வையுங்கள். சில நிறுவனங்கள் தங்கள் ஒலிகளைச் சொந்த ஃபார்மேட்டில் வைத்திருக்கும். கம்ப்யூட்டரில் கிளிக் செய்தால் எதுவும் வாசிக்காது, "இது என்ன குப்பை ஃபைல்" என்று அழித்துவிடத் தோன்றும். அழிக்காதீர்கள், பெயரையும் மாற்றாதீர்கள். ஃபாக்ஸ்புரோ மாதிரி சில நிறுவனங்கள் ஒலி ஏற்றுவதற்கென்றே தனி மென்பொருளை இலவசமாகத் தருகின்றன. உங்கள் கருவிக்கு அப்படி ஒன்று இருந்தால் அதையே பயன்படுத்துங்கள், வரிசை எண், பட்டியல் எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும். கீழே சொல்வதெல்லாம் கருவி ஒரு பென்டிரைவ் மாதிரி திறக்கிறவர்களுக்கும், மெமரி கார்டைக் கழற்றி ஏற்றுகிறவர்களுக்கும்.

கேபிள் விஷயம் உங்களுக்குப் பொருந்தாது, ஆனால் இதைப் படிக்கிற இன்னொருவருக்குப் பொருந்தும்: கருவியைச் செருகியும் கம்ப்யூட்டரில் எதுவுமே வரவில்லை என்றால் முதலில் கேபிளைச் சந்தேகப்படுங்கள். சார்ஜ் செய்ய மட்டுமே செய்த கேபிள்களில் மின்சாரம் போகிற கம்பிகள் இருக்கும், தகவல் போகிற கம்பிகள் இருக்காது. பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

கார்டு போடுகிறவர்களுக்கு ஃபார்மேட் (கார்டில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறை) ஒரு தொல்லை. 4 முதல் 32 ஜிபி வரையிலான கார்டுகள் ஃபேட்32 முறையில் வரும், 64 ஜிபியும் அதற்கு மேலும் எக்ஸ்ஃபேட் முறையில் வரும். பழைய காலர்கள் பலவற்றுக்கு எக்ஸ்ஃபேட் புரியாது, கார்டே இல்லை என்று சொல்லிவிடும். பெரிய கார்டு போட்டால் நல்லது என்று நினைக்கத் தேவையே இல்லை. 128 கேபிபிஎஸ் எம்பி3 என்றால் ஒரு நிமிட ஒலிக்கு ஒரு எம்பிகூட முழுதாக ஆகாது, 8 ஜிபி கார்டில் வாழ்நாளுக்குப் போதும்.

சரி, உங்கள் ஆறுக்கு வருவோம். காணாமல் போன இரண்டு என்ன ஆயின? எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒன்று, போனில் பதிவு செய்த ஃபைல், அது எம்4ஏ என்ற வேறு ஒலி வகை. கருவி எம்பி3 மட்டும்தான் எடுக்கும் என்று தெரிந்ததும் நான் புத்திசாலித்தனமாகப் பெயரின் கடைசியை மட்டும் எம்பி3 என்று மாற்றிவிட்டேன். கம்ப்யூட்டரில் ஜோராக வாசித்தது, ஏனென்றால் அது பெயரைப் பார்க்காமல் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்து வாசிக்கிறது. காலர் அந்த வேலையெல்லாம் செய்யாது. ஜாடியின் மேல் சர்க்கரை என்று எழுதி ஒட்டினால் உள்ளே இருக்கிற உப்பு இனிக்காது இல்லையா, முறையாக எம்பி3-க்கு மாற்றியே ஆக வேண்டும். இன்னொன்று சரியான எம்பி3தான், ஆனால் அதற்குள் ஆல்பம் அட்டைப்படம் மாதிரி ஒரு பெரிய படம் ஒட்டியிருந்தது. சில கருவிகள் ஃபைலின் தொடக்கத்தில் ஒலியைத் தேடிப் போய் இந்தப் படத்தில் முட்டி நின்றுவிடும். படத்தையும் பாடகர் பெயர் மாதிரி குறிப்புகளையும் நீக்கியதும் பட்டியலில் வந்துவிட்டது.

இதற்கு நேர்மாறான கூத்தும் உண்டு. மேக் கம்ப்யூட்டரிலிருந்து காப்பி செய்தால் ஆறு ஃபைல் பன்னிரண்டாகத் தெரியும், அதில் ஆறு வாசிக்காது. மேக், ஃபேட்32 கார்டில் ஒவ்வொரு ஃபைலுக்கும் புள்ளியும் அடிக்கோடும் முன்னால் போட்ட ஒரு நிழல் ஃபைலை எழுதி வைக்கிறது. மேக்கின் ஜன்னலில் அது தெரியாது, காலரின் ரிமோட்டில் தெரியும். மேக்கின் டெர்மினல் என்ற செயலியில் டாட் கிளீன் (dot_clean) என்ற கட்டளை கொடுத்து நீக்கலாம், அல்லது அந்தக் கார்டை ஒரு விண்டோஸ் கம்ப்யூட்டரில் போட்டு, மறைந்த ஃபைல்களைக் காட்டச் சொல்லி அழித்துவிடலாம்.

இப்போது அந்த ஊமை ஃபைல். என்னைப் பாடாய்ப் படுத்தியது இதுதான். கம்ப்யூட்டரில் ஹெட்போன் மாட்டிக் கேட்டால் முயல் கத்துகிறது, காலரில் போட்டால் ரிமோட்டில் நேரம் ஓடுகிறது, ஸ்பீக்கரில் மூச்சே இல்லை. ஒலியளவைக் கூட்டினேன், பேட்டரி மாற்றினேன், இன்னொரு தடவை காப்பி செய்தேன், ஒன்றும் நடக்கவில்லை. சாயங்காலம் சலித்துப்போய் ஆடாசிட்டி என்ற ஒலி திருத்தும் மென்பொருளில் அந்த ஃபைலைத் திறந்து பார்த்தால் இரண்டு பட்டைகள் தெரிந்தன. மேலே இருந்தது சுத்தமான நேர்கோடு, கீழே இருந்ததில் மட்டும் அலை. அதாவது பதிவு செய்தவர் ஒரே மைக்கை வலப்பக்கத்தில் மாட்டியிருக்கிறார், இடப்பக்கம் காலி. என் காலரில் இருப்பது ஒரே ஸ்பீக்கர், அது ஸ்டீரியோ ஃபைலில் இடப்பக்கத்தை மட்டும் எடுத்து வாசிக்கிறது. அப்புறம் கவனித்தபோதுதான், ஹெட்போனில் முயல் என் வலது காதில் மட்டும் கத்திக்கொண்டிருந்தது தெரிந்தது. அவ்வளவு நேரம் கேட்டும் எனக்கு அது உறைக்கவே இல்லை.

உங்கள் ஊமை ஃபைலும் இதே ஜாதியாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு, திறந்து பாருங்கள். ஆடாசிட்டி இலவசம், 2000-ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். டிராக்ஸ் மெனுவில் மிக்ஸ் என்பதற்குள் ஸ்டீரியோவை மோனோவாக்கும், அதாவது இரண்டு பட்டையை ஒன்றாக்கும், வழி இருக்கிறது. ஒரு எச்சரிக்கை: இரண்டு மைக்கில் பதிவான சில ஒலிகளை அப்படிக் கலந்தால் இரண்டு அலைகளும் ஒன்றையொன்று தின்று மெலிந்துபோகும். அப்படி ஆனால் பின்வாங்கி, பட்டையின் மெனுவில் இருக்கிற ஸ்பிளிட் ஸ்டீரியோ டு மோனோ கொடுத்து, இரண்டில் எது தெளிவாக இருக்கிறதோ அதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தூக்கிப் போடுங்கள்.

அதே இடத்தில் இன்னும் இரண்டு வேலை முடித்துவிடலாம். காற்றடிக்கிற உறுமல், தூரத்து வண்டிச் சத்தம் எல்லாம் பெரும்பாலும் அடித்தள அலைவரிசையில்தான் இருக்கும், ஹை பாஸ் ஃபில்டரை 150 அல்லது 200 ஹெர்ட்ஸில் வைத்து வெட்டிவிடுங்கள். சின்ன ஹார்ன் ஸ்பீக்கரால் அந்த ஒலியை எப்படியும் கொடுக்க முடியாது, ஆம்ப்ளிஃபயர் வீணாக அதற்காக உழைத்துப் பேட்டரியைத் தின்னும். அடுத்து நார்மலைஸ் (ஒலியின் உச்சத்தை ஒரே அளவுக்குக் கொண்டுவருவது), மைனஸ் 1 டெசிபல். எல்லா ஃபைலுக்கும் இதைச் செய்து, பிறகு காதாலும் ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் மெல்லிய எலிக் கீச்சுக்காக ஒலியளவை ஏற்றி வைத்திருக்கும்போது அடுத்த ஒலிக்கு மாறினால், அது இடி மாதிரி விழுந்து, வந்துகொண்டிருந்த நரி வந்த வழியே ஓடிவிடும். (அப்படி ஓடிய ஒன்றின் வால் மட்டும் என் படத்தில் இருக்கிறது.)

கடைசியில் ஏற்றுமதி செய்யும்போது மோனோ, 44,100 ஹெர்ட்ஸ், 128 கேபிபிஎஸ், அதுவும் மாறாத பிட் விகிதம் (விநாடிக்கு ஒதுக்கும் தகவலின் அளவு). மாறும் பிட் விகிதத்தில் செய்தால் சில கருவிகள் நேரத்தைத் தப்பாகக் காட்டும், சில பாதியில் நிறுத்தும். "எம்பி3 வேண்டாம், விலங்குகளுக்குக் காது கூர்மை, வேவ் ஃபைல்தான் போட வேண்டும்" என்று சொல்பவர்கள் நிறையப் பேர். வேவ் என்பது ஒலியை நசுக்காமல் வைக்கிற ஃபைல். நாய்க்கு 40,000 ஹெர்ட்ஸுக்கு மேலேயும் கேட்கும் என்பது உண்மைதான். ஆனால் 44,100 ஹெர்ட்ஸில் பதிவான எந்த ஃபைலாக இருந்தாலும், வேவ் ஆகவே இருந்தாலும், 22,050 ஹெர்ட்ஸுக்கு மேல் அதில் எதுவும் கிடையாது. அதற்குக் கீழே எம்பி3 வெட்டுகிற கொஞ்சம் மேல்பகுதியையும் இந்த ஸ்பீக்கர் பெரிதாகக் கொடுத்துவிடப் போவதில்லை. நான் இரண்டையும் போட்டுப் பார்த்துவிட்டேன், நரிகள் வித்தியாசம் காட்டவில்லை.

வேவ் உண்மையிலேயே ஜெயிக்கிற இடம் ஒன்று இருக்கிறது, அது லூப். எம்பி3 ஒலியை 1152 மாதிரிகள் (சாம்பிள்கள்) கொண்ட சட்டங்களாக நறுக்கி வைக்கிறது, ஒரு சட்டம் சுமார் 26 மில்லி விநாடி. இப்படி நறுக்கும்போது தொடக்கத்திலும், கடைசிச் சட்டம் நிரம்புவதற்காக முடிவிலும் கொஞ்சம் வெறுமையைச் சேர்த்துவிடும். இருபது விநாடி ஒலியைத் திரும்பத் திரும்ப ஓட்டினால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சின்ன விக்கல் கேட்கும். கருவி வேவ் எடுக்கும் என்றால் லூப் ஒலிகளுக்கு அதைப் போடுங்கள், மோனோவில் நிமிடத்துக்கு 5 எம்பி சொச்சம் ஆகும், பரவாயில்லை. எடுக்காது என்றால் குட்டி ஒலியை லூப்பில் விடாமல், ஆடாசிட்டியிலேயே நாலைந்து நிமிடத்துக்கு நீட்டி, நடுநடுவே மௌனம் விட்டுச் செய்துகொள்ளுங்கள். எனக்கு இதுதான் பிடித்த வழி. நிஜ முயல் மூச்சு வாங்காமல் கத்துவதில்லை.

பெயர் வைப்பதிலும் கவனம். ஆசையாக "முயல் கதறல்" என்று தமிழிலேயே வைத்தேன், ரிமோட்டில் வரிசையாகக் கேள்விக்குறிகள் வந்து நின்றன. ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டும் போடுங்கள், பெயர் குட்டையாக இருக்கட்டும், முன்னால் 001, 002 என்று மூன்று இலக்கம் கொடுங்கள். அப்படிக் கொடுத்தும் வரிசை கலைந்து வந்தால், உங்கள் கருவி பெயரைப் பார்க்காமல் கார்டில் எழுதப்பட்ட வரிசையைப் பார்க்கிற ரகம். எல்லாவற்றையும் அழித்துவிட்டு, ஒவ்வொன்றாக, வேண்டிய வரிசையில் காப்பி செய்தால் சரியாகிவிடும். சில மாடல்களில் ஒலிப் பட்டியல் ரிமோட்டில் தனியாக இருக்கும், பெட்டியில் ஏற்றிய பிறகு ரிமோட்டையும் புதுப்பிக்க வேண்டும். அதைச் செய்யாவிட்டால் நீங்கள் நரியை அழுத்த ஆந்தை அலறும்.

காப்பி முடிந்ததும் கேபிளைப் பிடுங்காதீர்கள், இஜெக்ட் கொடுத்துவிட்டு எடுங்கள். திரையில் முடிந்துவிட்டதாகக் காட்டினாலும் கம்ப்யூட்டர் கடைசித் துண்டை இன்னும் கையிலேயே வைத்திருக்கலாம்.

ஒலி எங்கே எடுப்பது என்றும் கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். நிறுவனத்தின் சொந்த நூலகம்தான் முதல் இடம், ஃபாக்ஸ்புரோ நிறைய ஒலிகளை இலவசமாகவே தருகிறது. பறவைக் குரல்களுக்கு 2005-இல் தொடங்கிய செனோ கான்டோ என்ற இணையதளம் இருக்கிறது, ஆனால் ஒவ்வொரு பதிவின் உரிமத்தையும் படியுங்கள், சிலவற்றைத் திருத்தவே கூடாது என்று போட்டிருப்பார்கள், அப்படியென்றால் மேலே சொன்ன வெட்டு ஒட்டு எதுவும் அதில் கூடாது. யூடியூபிலிருந்து உருவுவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன், உரிமை ஒருபக்கம் இருக்கட்டும், ஏற்கெனவே இரண்டு மூன்று தடவை நசுங்கிய ஒலி அது, பின்னணியில் யாராவது கிசுகிசுத்துக்கொண்டும் இருப்பார்கள். சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவிலேயே வலசைப் பறவைகளை வேட்டையாட, பதிவு செய்த குரலைப் பயன்படுத்தக் கூடாது என்பது மத்திய விதி, பனி வாத்துகளுக்கான சிறப்புக் காலம் மாதிரி விலக்குகள் தவிர. மற்ற விலங்குகளுக்கு மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். படம் எடுக்க மட்டும்தான் என்றாலும் குஞ்சு பொரிக்கிற காலத்தில் பறவைக் குரலைப் போடாதீர்கள், தாய் கூட்டை விட்டுவிட்டு இல்லாத எதிரியைத் தேடி அலையும்.

எல்லாம் ஏற்றியபின் ஹெட்போனில் அல்ல, காலரின் ஸ்பீக்கரிலேயே ஒவ்வொன்றையும் முதலிலிருந்து கடைசி வரை ஓட்டிக் கேளுங்கள், வீட்டிலேயே, குறைந்த ஒலியளவில். நான் ராத்திரி பதினொரு மணிக்கு முழு ஒலியளவில் குட்டி முயலைக் கத்த விட்டு, பக்கத்து வீட்டுக்காரர் டார்ச்சோடு வந்து கதவைத் தட்டி, யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டார். முயல் என்று சொன்னேன். முயலைக் காட்டுங்கள் என்றார்.