பல துறைப் புத்தகங்களைக் கலந்து படிப்பது நுனிப்புல் மேய்வது ஆகாதா?

கேள்வி: கதை, கவிதை பக்கம் போகாமல் வரலாறு, அறிவியல், பொருளாதாரம், பயணம் என்று கைக்குக் கிடைத்ததைப் படிக்கிறேன். நுனிப்புல் மேய்கிறாய் என்கிறார்கள். ஒரே துறையில் நின்று படிப்பதுதான் சரியா?

பதில்:

உங்களிடம் யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. என்னிடம் சொன்னவர் என் மனைவியின் அண்ணன், கல்லூரியில் பாடம் நடத்துகிறவர். ஒரு காதுகுத்து விருந்தில், பந்தியில் ரசம் ஊற்றிக்கொண்டு வரும்போது, பத்துப் பேர் காதில் விழுகிற மாதிரி, "மாப்பிள்ளை, நீங்க படிக்கிறதெல்லாம் நுனிப்புல் மேயுற வேலைங்க" என்றார். ஐந்து வருடம் ஆகிறது. அன்றைக்கு எனக்கு வாயில் பதில் வரவில்லை. அதை இங்கே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தாராபுரம் பக்கம் ஒரு விதை, உரக் கடையில் கணக்கு எழுதுகிறவன் நான். படித்தது பி.காம். நீங்களும் அநேகமாக வேலை முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு, தூக்கம் வருவதற்குள் இருபது பக்கம் புரட்டுகிற ஆள்தான் என்று நினைக்கிறேன். பேராசிரியராக இருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

சின்ன வயதில் நான் அவசரமாகச் சாப்பிட்டால் அம்மிச்சி (அம்மாவின் அம்மா), "தாது வருசத்துல பொறந்தவனாட்டத் திங்காதடா" என்பார். அது என்ன தாது வருசம் என்று கேட்டால் அவருக்கும் சரியாகத் தெரியாது, பெரிய பஞ்சம் என்பதோடு சரி. நாற்பது வயதுக்கு மேல் கிளை நூலகத்தில் அந்தப் பஞ்சத்தைப் பற்றி ஒரு புத்தகம் கிடைத்தது. 1876 முதல் 1878 வரை. சென்னை மாகாணத்தின் பெரும்பகுதிக்கு அடி, அதிலும் சேலம், கோயமுத்தூர் பக்கம் பலமான அடி. நிவாரண வேலை என்று சனங்களை மண் வெட்டவும் கல் உடைக்கவும் விட்டிருக்கிறார்கள். சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கிற கால்வாய்த் துண்டு அப்போது வெட்டியதுதான். கூலியாக ஓர் ஆணுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும். ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி கொண்டுவந்த அளவு.

ஒரு பவுண்டு என்றால் 450 கிராம். நான் கடைக்காரன் அல்லவா, சும்மா இருக்க முடியவில்லை. பக்கத்து மளிகையில் கம்பு வாங்கி எங்கள் தராசில் நிறுத்தினேன். (எங்கள் கடைக் கம்பு விதைக்கம்பு, மருந்து கலந்தது, வாயில் வைக்கக் கூடாது.) வீட்டில் கம்மஞ்சோறு ஆக்கினோம். மூன்று பேர் சாப்பிட்டும் மீதி இருந்தது. மறுநாள் கடையில் நான் பெரிய மனுசனாட்டம், "ஆளுக்கு இவ்வளவு குடுத்திருக்கான், வெள்ளைக்காரன் அப்படியொண்ணும் மோசமில்லை போலிருக்கே" என்று சொல்லிவிட்டேன். மூட்டை இறக்குகிற பெரியவர் ஒருவர் திரும்பிப் பார்த்து, "அதை மட்டும் தின்னுபோட்டு ஒரு நா மூட்டை தூக்கிப் பாருங்க" என்றார். நான் சிரித்து மழுப்பினேன்.

ஏழெட்டு மாதம் கழித்து அம்மாவுக்குச் சர்க்கரை என்று தெரிந்ததும் உணவுச் சத்துகளைப் பற்றி ஒரு புத்தகம் எடுத்தேன். பஞ்சத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நூறு கிராம் கம்பில் ஏறக்குறைய 350 கலோரி என்று அதில் அட்டவணை. கை தானாகவே பெருக்கிப் பார்த்தது: 450 கிராமுக்கு 1,600க்குப் பக்கம். நாள் முழுக்க மண் சுமக்கிற ஆணுக்கு மூவாயிரத்துக்கு மேல் வேண்டும். பாதிதான். அதுவும் வீட்டில் வேலைக்குப் போக முடியாத கிழவர்களோ குழந்தைகளோ பங்குக்கு இல்லாவிட்டால்.

பழைய புத்தகத்தை மறுபடி எடுத்து வந்தேன். கார்னிஷ் என்று ஒரு டாக்டர், சென்னை மாகாணச் சுகாதார ஆணையர், இது போதாது, 680 கிராமாவது வேண்டும், பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று அப்போதே சண்டை போட்டிருக்கிறார். 1877 மார்ச்சில் மாகாண அரசு படியைக் கொஞ்சம் கூட்டியும் இருக்கிறது. இதெல்லாம் முதல் தடவையே அந்தப் பக்கங்களில் இருந்ததுதான். இன்னொரு துரை பெயர் என்று தாண்டிப் போயிருந்தேன். பஞ்சப் புத்தகத்தை எனக்குப் படிக்கக் கற்றுக்கொடுத்தது சர்க்கரை நோய்க்காக எடுத்த புத்தகம். என் பதிலே இவ்வளவுதான். மச்சான் இதை நுனிப்புல் என்றால், சரி, நுனிப்புல்தான்.

உடனே ஒருவர் வந்து, "அப்படியானால் ஒரே துறையில் முப்பது வருடம் உழைத்தவர்கள் முட்டாள்களா?" என்பார். இல்லைங்க. அவர்கள் எழுதாவிட்டால் நான் எதைப் படிப்பது? ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு நிபுணனாகிவிடலாம் என்றும் சொல்லவில்லை. நிலச் சட்டம் பற்றி ஒன்று படித்த கையோடு சர்வேயரிடம் மல்லுக்கு நின்று, அவர் வரைபடத்தை விரித்ததும் வாயை மூடிக்கொண்டு வந்தவன் நான்.

அப்புறம், மழை ஏன் பொய்த்தது என்று வானிலைப் பக்கம் போனேன். அங்கே கில்பர்ட் வாக்கர். 1904 முதல் 1924 வரை இந்திய வானிலைத் துறையின் தலைவர். வந்தபோது வானிலை தெரியாது, கணிதம் படித்தவர். ஊர் ஊரான அளவுகளைச் சேர்த்து வைத்துக் கணக்குப் போட்டே, பசிபிக் பக்கம் காற்றழுத்தம் ஏறினால் இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்குகிறது என்று கண்டுபிடித்தார். பருவமழையை முன்கூட்டிச் சொல்லத்தான் புறப்பட்டார், அது கைகூடவில்லை. எல் நினோவும் (பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாவது, அப்போது இங்கே பல தடவை மழை பொய்க்கும்) இந்த ஏற்ற இறக்கமும் ஒன்றோடொன்று சேர்ந்தவை என்பது 1960களில்தான் புரிந்தது. 1877இல் பலமான எல் நினோ.

ஒரு வருடம் கழித்து ராமானுஜன் வாழ்க்கையைப் படிக்கிறேன், பஸ்ஸில். 1913 பிப்ரவரியில் சென்னைத் துறைமுகத்துக்கு வந்த ஒரு துரையிடம் அவருடைய கணக்குகளைக் காட்டுகிறார்கள். துரை மறுநாளே பல்கலைக்கழகத்துக்குச் சிபாரிசுக் கடிதம் எழுதுகிறார். முப்பது ரூபாய் குமாஸ்தாவுக்கு மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கிடைக்கிறது. துரை யார்? நம்ம வாக்கர்! "அட!" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

இதெல்லாம் நூலகத்தில் எடுத்தவை. சீர்காழியில் பிறந்த ரங்கநாதன், அவரும் கணக்கு வாத்தியாராக இருந்து நூலகரானவர், பாடுபட்டு 1948இல் வந்தது சென்னை நூலகச் சட்டம். அதன்படி சொத்து வரியோடு ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரி கட்டுகிறேன், ஒரு தவணை தவறியதில்லை. எங்கள் கிளையில் மழை வந்தால் அறிவியல் அலமாரி மேல் தார்ப்பாய். கழிவறைக்குப் பூட்டு, சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியாது. பஸ் நிலையத்திலும் அதே கதைதான். அங்கே காசு வேறு வாங்குகிறார்கள், ரசீது கேட்டால் முறைக்கிறார்கள். சரி, அது வேறு விஷயம்.

நீங்கள் "படிக்க வேண்டிய நூறு" மாதிரிப் பட்டியலில் தொடங்காதீர்கள். வீட்டில் யாராவது அடிக்கடி சொல்லி உங்களுக்கு அர்த்தம் தெரியாமல் போன ஒரு சொல் இருக்கும், அதிலிருந்து போங்கள். பிடிக்காத புத்தகத்தைப் பாதியில் திருப்பிக் கொடுங்கள், பாவம் ஒன்றும் வராது. ஒரு நோட்டு போட்டு, ஆள் பெயர்களை மட்டுமாவது எழுதி வையுங்கள். இரண்டாவது புத்தகத்தில் அதே ஆள் வரும்போது உதவும்.

வாக்கருக்கு பூமராங் பைத்தியம் உண்டு. அது எப்படித் திரும்பி வருகிறது என்று கணக்குப் போட்டே எழுதியிருக்கிறார். அதைப் படித்ததிலிருந்து நம் சிவகங்கைப் பக்கத்து வளரியை, அதுவும் எறிகிற வளைந்த ஆயுதம்தான், பற்றித் தேடிக்கொண்டிருக்கிறேன். மச்சானிடம் இன்னும் சொல்லவில்லை.